டைனோ தாளை நம்பி எஞ்சினை இழந்தேன்: ரீமேப் செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டர்போ பெட்ரோல் கார் வைத்துக்கொண்டு ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் மேப் என்ற ஃபைலை மாற்றிப் பவர் கூட்டுவது) செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன்னால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எனக்கு ரீமேப்புக்கு 65,000 ரூபாய் போனது. அதற்குப் பிறகு எஞ்சின் வேலைக்கு 3 லட்சத்து 40 ஆயிரம் போனது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. எப்படி ஏமாந்தேன், எதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

வண்டி 2017 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், கம்பெனிக் கணக்கில் 230 பிஎஸ் பவர், 350 என்எம் டார்க் (சுழற்றும் விசை), 6 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டில் எடுத்தது. நான் கோயமுத்தூர்க்காரன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் வேலிக்கு வெளியே நின்று ரேஸ் பார்த்து வளர்ந்தவன். இந்த வண்டிக்காக ஆறு வருஷம் காசு சேர்த்தேன். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றபோதும் பிடிவாதமாக வாங்கினேன். அதனால் இது எனக்கு வெறும் பண நஷ்டம் இல்லை.

வெளிமாநிலத்தில், கடலோரப் பெருநகரம் ஒன்றில் சொந்தமாக டைனோ (வண்டியை ரோலர் மேல் ஓட்டிப் பவரை அளக்கும் மெஷின்) வைத்திருக்கும் கடை. "ஸ்டேஜ் 1, உங்க வண்டிக்கே தனியா எழுதுற ஃபைல் ப்ரோ, 290 பிஎஸ் கேரண்டி" என்றார் உரிமையாளர். இந்த எஞ்சினில் நல்ல ட்யூனர்கள் மேப்பை மட்டும் மாற்றியே நிறைய பவர் எடுக்கிறார்கள் என்பது உண்மை. அந்த உண்மைதான் அவர் சொன்னதையும் நம்ப வைத்தது. 100 ஆக்டேன் என்ற உயர்ரகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். "அப்புறம் ஊருக்குப் போய் சாதா பெட்ரோலே போடலாம், பிரச்சனை இல்லை" என்றும் சொன்னார். இந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

ரோலர் மேல் வண்டியைக் கட்டி ரீமேப்புக்கு முன் ஒரு ரன். பிறகு என்னை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டாவது ரன்னை நான் பார்க்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: முன் 214 பிஎஸ், பின் 291 பிஎஸ், 430 என்எம். பெட்ரோலும் காற்றும் எந்த விகிதத்தில் எரிகிறது என்று காட்டும் கோடு அந்தத் தாளில் இல்லை. கேட்டேன். "எக்ஸாஸ்ட்ல ப்ரோப் விட்டுப் பார்த்தாச்சு ப்ரோ, பெர்ஃபெக்ட்" என்றார். பில் கேட்டதற்கு எஞ்சின் டீகார்பனைசிங் என்று எழுதிக் கொடுத்தார்கள். பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு.

வண்டி பறந்தது, மறுக்கவில்லை. இரண்டரை மாதம் சந்தோஷமாகத்தான் ஓட்டினேன். வெயில் ஏறிய பிறகு மேட்டில் அழுத்தினால் எப்போதாவது சில்லறைக் காசைக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். எஞ்சின் லைட் எரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன். ஒரு ஞாயிறு மதியம் சேலத்திலிருந்து திரும்பும்போது, பெருந்துறை தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய மிதித்தேன். தடதடவென்று மிஸ்ஸிங். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. டோ வண்டியில்தான் ஊர் வந்து சேர்ந்தேன்.

எங்கள் பகுதியில் ஜெர்மன் வண்டிகள் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக ஒரு துணி மேல் வைத்தார். மூன்றாவதை மட்டும் எடுத்து டார்ச் அடித்துக் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே, வெளிச்சத்தைத் திருப்பினால் மினுக்கும் பொடிப் பொடி உருண்டைகள். "இது என்னன்னு தெரியுதுங்களா தம்பி? உங்க பிஸ்டன் அலுமினியமுங்க. உருகித் தெறிச்சு வந்து ஒட்டியிருக்குது" என்றார். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) பார்த்தால் மற்ற மூன்று சிலிண்டரிலும் 12 பார், இதில் 6. எஞ்சினைப் பிரித்தபோது அந்தப் பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு இடையே உள்ள வரப்பு உடைந்து கையோடு வந்தது.

அவர்தான் கேட்டார், ஏதாவது லாக் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று. வண்டியில் செருகினால் எஞ்சின் கம்ப்யூட்டரின் எண்களைப் போனில் பதிவு செய்யும் ஓபிடி டாங்கிள் ஒன்று வைத்திருந்தேன். அந்தப் பதிவுதான் லாக். 0-100 நேரம் பார்ப்பதற்காகச் சில முறை ரெக்கார்ட் செய்ததுண்டு. ரீமேப் முடிந்து மூன்றாவது வாரம் எடுத்த லாக் என் போனிலேயே கிடந்தது. படிக்கத் தெரியாததால் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்த ட்யூனர் ஒருவர் அதைத் திறந்து ஒரே ஒரு வரியைக் காட்டினார். 5,820 ஆர்பிஎம், முழு த்ராட்டில். ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) கேட்ட லாம்டா 0.82, கிடைத்தது 0.96. பெட்ரோல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) இருக்க வேண்டிய அழுத்தம் 200 பார், இருந்தது 118. மூன்றாவது சிலிண்டரில் நாக் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது, நான் கேட்ட சில்லறைச் சத்தம்) வந்ததால் எஞ்சினே இக்னிஷனை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, 7.5 டிகிரி பின்னுக்கு இழுத்திருக்கிறது.

இதன் அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறேன். லாம்டா 1 என்றால் உள்ளே போன காற்றுக்கும் பெட்ரோலுக்கும் கணக்கு சரியாக இருக்கிறது, மிச்சம் மீதி இல்லை. 1-க்குக் கீழே போகப் போகப் பெட்ரோல் கூடுதல். முழு பூஸ்ட்டில் ஓடும் டர்போ எஞ்சினுக்கு அது போதாது. கூடுதலாகக் கொஞ்சம் பெட்ரோல் போனால்தான் உள்ளே சூடு தணியும், நாக் அடங்கும். அதனால்தான் ஈசியூ 0.82 கேட்டது. பம்ப்பால் தர முடியவில்லை. பழைய வண்டி, ஹை பிரஷர் பம்ப் தேய்ந்திருக்கிறது. பவர் கூட்டும் முன் ரெயில் அழுத்தத்தைப் பார்ப்பது ட்யூனரின் முதல் வேலை. பார்த்திருந்தால் "பம்ப்பை மாத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

பங்க் பெட்ரோலும் இதில் சேர்கிறது. சுத்தப் பெட்ரோலில் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று கணக்கு. பங்கில் போடும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் அது ஏறக்குறைய 13.5. அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தள்ள வேண்டும். எத்தனால் நாக்கைக் குறைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பம்ப் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால், அந்த நன்மை கிடைக்கும் முன்பே எரிபொருள் பற்றாமல் போகிறது. ஒரு பெட்ரோலில் ட்யூன் செய்து வேறு பெட்ரோலில் ஓட்டச் சொன்னது இதனால்தான் பெரிய தப்பு.

இவ்வளவு நடந்தும் எஞ்சின் லைட் ஏன் எரியவில்லை? ஃபைலைப் படித்துப் பார்த்த அதே ட்யூனர் கண்டுபிடித்தார். ரெயில் அழுத்தம் குறைந்தால் வரும் பி0087 என்ற எரர் கோடை ஃபைலிலேயே அணைத்து வைத்திருக்கிறார்கள். மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் தெரியக்கூடாது என்று தெர்மாமீட்டரை உடைத்து வைப்பது போன்ற வேலை இது. எனக்கு ஆத்திரம் பொங்கியது இந்த இடத்தில்தான். கவனக்குறைவாக விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். இதை ஒருவர் உட்கார்ந்து, தெரிந்தே, அணைத்திருக்கிறார். அதோடு, அதே கடையில் செய்த கொச்சிக்காரர் ஒருவரின் ஃபைலை வாங்கி ஒப்பிட்டோம். அவருடைய வண்டியும் விஆர்எஸ். ஒரு பைட் வித்தியாசம் இல்லை. எனக்கே தனியாக எழுதிய ஃபைலின் லட்சணம் இதுதான்.

அதன் பிறகுதான் அந்த வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பவரும் டார்க்கும் தனித்தனி விஷயங்கள் இல்லை. என்எம்மை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும், எந்த எஞ்சினாக இருந்தாலும். என் தாளில் 5,500 ஆர்பிஎம்மில் 291 பிஎஸ் என்று பெட்டிக்குள் அச்சாகியிருக்கிறது. அதே 5,500-க்கு நேராக டார்க் கோட்டைப் படித்தால் 330 என்எம். 330 பெருக்கல் 5,500, வகுத்தல் 7,023: 258 பிஎஸ். பெட்டியில் டார்க் 430 என்று இருக்கிறது, கோட்டின் உச்சியோ 381-ஐத் தாண்டவில்லை. 291-ஐ 258-ஆல் வகுங்கள், 430-ஐ 381-ஆல் வகுங்கள். இரண்டும் 1.13. கோட்டைத் தொடாமல் பெட்டிக்குள் இருந்த எண்களை மட்டும் 13 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகனும் போட்டுப் பார்த்துச் சரி என்றான்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் இன்னொன்று. முதல் ரன்னில் காற்றின் வெப்பம் 31 டிகிரி, திருத்தக் காரணி 1.02. இரண்டாவதில் 56 டிகிரி, 1.07. ஒரு மணி நேரத்தில் ஒரு ஷெட்டுக்குள் 25 டிகிரி ஏறுமா? டைனோவின் வெப்ப சென்சாரைச் சூடான ரேடியேட்டர் பக்கம் நகர்த்தினால் போதும். சூட்டில் எஞ்சின் பவர் குறைந்திருக்கும் என்று நினைத்துச் சாஃப்ட்வேர் தானாகவே எண்ணைக் கூட்டிக் காட்டும். எஸ்ஏஇ ஜே1349 என்ற அளவுமுறை 25 டிகிரியை அடிப்படையாக வைத்து இப்படித் திருத்துகிறது. நேர்மையாகச் செய்தால் நல்ல முறை. பழைய எஸ்டிடி முறையில் அதே வண்டி 4 சதவீதம் போலக் கூடுதலாகக் காட்டும். முன் ரன் ஒரு முறையிலும் பின் ரன் வேறு முறையிலும் இருந்தால் ஒன்றும் செய்யாமலே பவர் ஏறிவிடும்.

கியரும் ஒத்துப்போகவில்லை. முதல் ரன் 140 கிலோமீட்டர் சொச்சத்தில் முடிகிறது, இரண்டாவது 190-ஐத் தாண்டுகிறது. ஒன்று மூன்றாம் கியர், ஒன்று நான்காம் கியர். இந்த மாதிரி ரோலர் டைனோவில் கீழ் கியரில் எடுத்தால் எண் குறைவாகத்தான் வரும். என் வண்டி 214 காட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன் செய்தேன். அதுவரை "ப்ரோ" என்று கூப்பிட்டவர் "சார்" என்றார். "சார், பழைய வண்டி, எஞ்சின் முன்னாடியே வீக்கா இருந்திருக்கும்." அப்படியென்றால் ஏன் முதலில் பார்க்கவில்லை என்றேன். பதில் இல்லை. கம்பெனி ஒரிஜினல் ஃபைலையாவது கொடுங்கள் என்றேன். பேக்கப் எடுக்கவில்லையாம். கடைசியில், "கேஸ் போட்டா வண்டியை மாத்தினதுக்கு உங்க மேலயும் வரும், யோசிச்சுக்கங்க" என்று மிரட்டினார்.

வண்டி மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அது எனக்கும் பொருந்தும், அதை நான் மறைக்கவில்லை. செய்வதற்கு முன்பே இன்சூரன்ஸ்காரர்களிடம் கேட்காததும் என் தப்புதான். ஆனால் போலித் தாள் கொடுத்து, எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டுக் காசு வாங்கியதற்கு அந்தப் பிரிவு கேடயம் ஆகாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்தேன், பிறகு கோவையிலேயே மனு போட்டேன். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, டீகார்பனைசிங் பில், லாக், பிளக், உடைந்த பிஸ்டன் எல்லாமே சாட்சியாகக் கையில் இருக்கின்றன. எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ரீமேப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் ஃபைலைப் படித்துக் கொடுத்த மனிதரும் ட்யூனர்தான், ஒரு ரூபாய் வாங்கவில்லை. அவர் ஒரு வண்டிக்குச் செய்யும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். மேப்பைத் தொடுவதற்கு முன்பே முழு த்ராட்டிலில் லாக் எடுத்தார். ரெயில் அழுத்தம், லாம்டா, ஒவ்வொரு சிலிண்டரின் நாக், உள்ளே போகும் காற்றின் சூடு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஒரிஜினல் ஃபைலை வண்டிக்காரரின் பென் டிரைவில் முதலிலேயே போட்டுக் கொடுத்தார். எந்தப் பங்கில் வழக்கமாகப் போடுவீர்களோ அந்தப் பெட்ரோலோடு வாருங்கள் என்றார். ஒரே கியரில், ஒரே மின்விசிறி வேகத்தில், முன்னும் பின்னும் மூன்று மூன்று ரன். கடைசியில் படமாக அனுப்பாமல் டைனோவின் ரன் ஃபைலையே கொடுத்தார். கூடியது 41 பிஎஸ். வண்டிக்காரர் இன்னும் கொஞ்சம் ஏற்ற முடியுமா என்று கேட்டார். "மூணாவது ரன்ல நாக் எட்டிப் பார்க்குதுங்க, இதோட நிறுத்திக்கலாம்" என்றார் இவர்.

அதே கடையில் செய்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் தாளை எடுத்து 7,023-ஆல் வகுத்துப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால், இன்றிலிருந்தே முழு த்ராட்டில் மிதிப்பதை நிறுத்திவிட்டு ஷோரூமில் ஒரிஜினல் ஃபைலை ஏற்றிக்கொள்ளுங்கள். லாக் எடுத்து வைத்திருந்தால் அனுப்புங்கள், எந்த வரியில் எதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.