பொதுச் சொல் எண்ணும் புரோகிராம்: நீண்ட நாள் பாவனைக்குப் பிறகு

கல்முனையில் இருந்து ஒருவர் கேட்டதற்குப் பதில் இது. "எங்கட வேளாண்மைக் குறூப்பில ஆரும் ஆரும் ஒரே சொல்லப் பாவிக்கிறாங்க எண்டு எண்ணுற அந்தப் பைதான் புரோகிராம் இன்னும் உங்களுக்குச் சரிவருதா?" சரிவருது. பைதான் என்ற கணினி மொழியில் எழுதிய அது செய்வது, ஆளுக்கொரு சொல் மூட்டை கட்டி, மூட்டைகளை ஒப்பிடும் வேலைதான். நிறுவும் விதம் அவருக்குத் தெரியும், அதை விடுகிறேன்.

மனசுக்குப் பிடித்ததை முதலில் சொல்லிவிடலாம். பைதானோடு சும்மா வரும், எதையும் எண்ணி வைக்கும் ‘கவுண்டர்’ இரண்டை ‘அன்ட்’ (&) குறியால் இணைத்தால், இருவருக்கும் பொதுவான சொற்கள், இருவரில் குறைந்தவரின் எண்ணிக்கையோடு வந்து விழும். ஒருவர் ‘உரம்’ என்று 80 தடவை எழுதி மற்றவர் 2 தடவை எழுதியிருந்தால் விடை 2. நிறையக் கதைக்கிறவர் கணக்கை ஏற்றிவிட முடியாது. ஆனால் இதை முழுக் குறூப்புக்கும் தொடராகப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கர் மட்டும் போடும் ஒரே ஒரு ஆள் இருந்தால் மொத்த விடையும் வெறுமை. கூட்டத்துக்கு, ஒரு சொல்லை எத்தனை பேர் பாவித்தார்கள் என்று எண்ணி, 5 பேருக்குக் குறைந்ததைத் தள்ளிவிடுவதே வழி.

வட்ஸ்அப்பில் இருந்து எடுக்கும் பைலைத் துப்புரவாக்குவது பெரிய வேலை இல்லை. திகதி இல்லாமல் தொடங்கும் வரி முந்தைய மெசேஜின் மிச்சம், அதோடு சேர்த்துவிட வேண்டும். நேரத்துக்கும் ‘ஏஎம்’, ‘பிஎம்’முக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒடுங்கிய இடைவெளி எழுத்தொன்று இருக்கலாம், சாதாரண இடைவெளியைத் தேடும் விதி அங்கே தோற்கும். பார்வர்ட் மெசேஜ்களை, நீளமானதும் அச்சொட்டாக ஒன்றானதும் என்ற விதியால் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாழ்த்தை அனுப்பிய இருவர் ஒரே வாய் என்று கணக்கு வரும்.

இனி எரிச்சல். பைதானின் வழக்கமான ‘சொல் எழுத்து’ விதி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. ‘மட்டக்களப்பு’ என்று கொடுத்தால் ‘மட’, ‘டக’, ‘களப’, ‘ப’ என்று நாலு துண்டாக வெட்டித் தரும். அதை எண்ணினால் எல்லாருக்கும் எல்லாமே பொதுச் சொல்! எழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கும் யூனிக்கோட் அட்டவணையில் தமிழ்ப் பகுதியின் 128 இடங்களையும் நேரடியாக விதியில் எழுதினால் இது தீரும். அடுத்து என்எஃப்சி ஒழுங்கு, அதாவது வேறு விதமாக அடித்த ஒரே எழுத்தை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிக்கோட் முறை. ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியால் அடித்தாலும் கொம்பும் காலுமாக இரண்டாக அடித்தாலும் கண்ணுக்கு ஒன்று, புரோகிராமுக்கு இரண்டு. ஒழுங்காக்கினால் சேரும். ஆனால் ‘கௌரவ’ என்பதற்கு கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரவ’ என்று எழுதுகிறவர்களை என்எஃப்சியும் காப்பாற்றாது.

இவை ஒருமுறை திருத்தினால் போகும். போகாதது ஒற்று. ‘வாய்க்காலைத் திறங்க’, ‘வாய்க்காலைக் கட்டுங்க’, ‘வாய்க்காலைப் பாருங்க’, ‘வாய்க்காலை மூடுங்க’: ஒரு வாய்க்கால், நாலு சொல். அவசரத்தில் ஒற்றே போடாதவர் ஒரு பக்கம், பிசகாமல் போடும் வாத்தியார் ஒரு பக்கம். பெரும்போகம் முழுக்க ஒரே வாய்க்காலுக்குச் சண்டை பிடித்த இருவருக்கும் அந்தச் சொல்லே பொதுவில்லை என்று விடை வரும். கடைசி க், ச், த், ப் எல்லாவற்றையும் கண்மூடி வெட்டினால் ‘குறூப்’ ‘குறூ’ ஆகிறது, ‘செக்’ ‘செ’ ஆகிறது. அடுத்த சொல் அதே மெய்யின் வரிசையில் தொடங்கினால் மட்டும் வெட்டுங்கள். அதற்கு எண்ணுவதற்கு முன்பே, சொற்கள் வரிசையில் இருக்கும்போதே வெட்ட வேண்டும். ‘வயல்ல’, ‘வயலுக்கு’, ‘வயலுக்க’ போன்றவற்றுக்குக் கையால் அட்டவணை கட்டுவதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் பெடியள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

விடையை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். ஒருவரிடம் 2000 வேறுவேறு சொல், மற்றவரிடம் 100, பொதுவாக 60 என்று வையுங்கள். மொத்தம் 2040 சொல்லில் 60, கிட்டத்தட்ட 3 வீதம். இது ஆல்ப்ஸ் பகுதிச் செடிகொடிகளை ஒப்பிட்ட சுவிஸ் தாவரவியலாளர் ஜக்கார்டின் அளவு. சிறியவரை வைத்துப் பார்த்தால் அதே 60 தான் 60 வீதம். எந்த அளவு என்று சொல்லாமல் வீதத்தை மட்டும் காட்டுகிறவரை நம்பாதீர்கள்.

மதிப்பெண் கேட்டால் 10க்கு 4. எண்ணும் வேலையில் ஒரு பிழையும் கண்டதில்லை, காசும் இல்லை, பழைய லப்டொப்பிலும் ஓடுகிறது. இருந்தும் 4தான், அந்த ஒற்றுக்காக. கல்முனைக்காரர் எடுப்பதென்றால் எடுக்கட்டும். விடையை எக்செலுக்கு அனுப்பும்போது யூடிஎஃப்-8 என்ற முறையில் எழுத்துகளைச் சேமிக்கும் பைலின் தலையில் அடையாளக் குறி சேர்க்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் குழம்பித் தெரியலாம். ஆட்களின் பெயர்களை அதற்கு முன்பே இலக்கமாக்கிவிடுங்கள். பைல் குறூப்புக்குள் போனால் அதற்கும் ஒரு சண்டை வரும்.