நீண்ட ஓட்டத்துக்கு எந்தப் போத்தல்: இளநீரா, ஜீவனியா, கடைப் பானமா, உப்புச் சீனித் தண்ணீரா?

ஓட்டம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிறதென்றால் இந்த அலசலே தேவையில்லை. இல்ல மெய்வல்லுனர் போட்டிக்கு முந்திய பாடசாலை மரதன், 10 கிலோமீற்றர் வீதியோட்டம், இரணைமடுக் குளக்கட்டில் காலையில் ஒரு சுற்று, இதற்கெல்லாம் வெறும் தண்ணீர் போதும். தசையில் சேமிப்பிலிருக்கும் மாச்சத்தான கிளைக்கோஜினே அந்தத் தூரத்துக்குத் தாராளம். தொடக்கக் கோட்டில் உள்ளங்கையில் குளுக்கோஸ் தூளைக் கொட்டி நக்கக் கொடுக்கிற வழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கவும் தேவையில்லை. இனிப்பு வாயில் பட்டாலே, விழுங்காமல் துப்பினாலும்கூட, ஒரு மணித்தியால முயற்சியில் சிறு முன்னேற்றம் வரும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு.

சிக்கல் தொடங்குவது 90 நிமிடத்தைத் தாண்டும்போது. சோழகம் வீசுகிற ஆடி, ஆவணியில் ஏ9 வீதியோரம் இரண்டரை மணித்தியாலம் ஓடுகிறவருக்குத் தண்ணீரும் வேண்டும், சீனியும் வேண்டும், சோடியமும் வேண்டும். மூன்றையும் தேவையான அளவில் தருவது எது? பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: வீட்டில் கலக்கும் உப்புச் சீனித் தேசிக்காய்த் தண்ணீர். கடைப் பானம், இளநீர், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) ஆகிய மற்ற மூன்றுக்கும் அவற்றுக்குரிய நேரம் இருக்கிறது.

கடைப் பானத்தில் பெரிய குறை இல்லை. நல்ல விளையாட்டுப் பானமென்றால் 100 மில்லிலீற்றரில் சுமார் 6 கிராம் சீனியும் 45 முதல் 50 மில்லிகிராம் சோடியமும் இருக்கும். 1965இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் றொபர்ட் கேட் குழுவினர் கேற்றரேட்டைக் கலக்கிய நாளிலிருந்து அடிப்படைச் சூத்திரம் அதிகம் மாறவில்லை. ஆனால் கிராமத்துக் கடையின் குளிரூட்டியில் பக்கத்திலேயே நிற்கும் ‘எனர்ஜி’ பானம் வேறு சாமான். அதில் சீனி 11 வீதத்தைத் தொடும், வாயுவும் கபேனும் சேர்ந்திருக்கும். அதைக் குடித்துவிட்டு ஓடினால் வயிறு உப்பி, இரைப்பையை விட்டு இறங்காமல் குலுங்கும். லேபிளில் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்: 100 மில்லிலீற்றருக்குச் சீனி எத்தனை கிராம், சோடியம் எத்தனை மில்லிகிராம். சீனி 8 கிராமுக்கு மேலென்றால் திருப்பி வையுங்கள்.

இளநீர் மீது எல்லோருக்கும் பாசம், அதனால் அதைக் குறை சொல்வது கடினம். அதில் லீற்றருக்கு ஏறக்குறைய 2 கிராம் பொற்றாசியம் இருக்கிறது. வியர்வையில் போகிற பொற்றாசியமோ லீற்றருக்கு 0.2, 0.3 கிராம்தான். நிறையப் போவது சோடியம், இளநீரில் பொதுவாகக் குறைவாக இருப்பதும் அதுதான். இனமும் முற்றலும் மண்ணும் மாற மாற அளவும் மாறும், ஆகவே ஒரு காயை வைத்து மற்றக் காயைக் கணக்கிட முடியாது. வெட்டிப் போத்தலில் ஊற்றினால் வெயிலில் சில மணித்தியாலத்தில் புளித்தும் போகும். ஓடி முடிந்தபின் குடிக்க நல்லது. மலேசியாவில் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சோடியம் சேர்த்த இளநீர், உடற்பயிற்சிக்குப் பின் உடலின் நீரை மீட்பதில் விளையாட்டுப் பானத்துக்கு ஈடாக நின்றது. நம்மட்டில் அதன் பொருள், காயை வெட்டியதும் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள் என்பதே. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தப் பொற்றாசியத்தோடு விளையாடக் கூடாது, முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

ஜீவனிக்கு வேறு வரலாறு. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் சிறுகுடல் இரண்டையும் ஒரே வாசலால் இழுக்கும் என்ற கருத்தை 1960இல் பிராக் நகரில் றொபர்ட் கிரேன் முன்வைத்தார்; அவற்றோடு கூடவே தண்ணீரும் உள்ளே வரும். 1971இல் மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில், நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் கலந்து வாயால் கொடுத்து வாந்திபேதியில் கிடந்தவர்களைக் காப்பாற்றினார். இடம்பெயர்ந்த முகாமில் அந்தப் பைக்கற்றின் பெறுமதியை வன்னிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அது வயிற்றோட்டத்துக்கான கலவை. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய சூத்திரப்படி ஒரு லீற்றரில் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே, சோடியம் 1,700 மில்லிகிராமுக்குச் சற்று மேல். மணிக்கு 600 மில்லிலீற்றர் குடித்தாலும் 8 கிராம் மாச்சத்துத்தான் கிடைக்கும். நீண்ட ஓட்டத்தில் உடல் கேட்பது மணிக்கு 30 முதல் 60 கிராம். ஓடும்போது அது ஓடுகிற காலுக்கு விறகாகாது. காலையில் கடும் ஓட்டம், பின்னேரம் மறுபடி பயிற்சி என்று இடைவெளி குறுகிய நாளில்தான் ஜீவனிக்கு வேலை. அப்போதும் பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றரில் கரைக்க வேண்டும். பாதித் தூளை அரை லீற்றரில் போட்டால், தூள் சீராகக் கலந்திராததால் உப்பு ஒரு பாதியிலும் குளுக்கோஸ் மறு பாதியிலும் கூடிவிடலாம். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குப் பின் ஊற்றிவிடுங்கள்.

இனி வீட்டுக் கலவை. ஒரு லீற்றருக்கு 60 கிராம் சீனி, மட்டமாக வழித்த மேசைக்கரண்டியால் ஐந்து. தூள் உப்பு மட்டமாகக் கால் தேக்கரண்டி, 1.5 கிராம். ஒரு தேசிக்காய். சீனியையும் உப்பையும் 200 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, தேசிப்புளியை வடித்து ஊற்றி, கொதித்தாறிய தண்ணீரால் ஒரு லீற்றராக்குங்கள். வடிக்காவிட்டால் சக்கை போத்தல் மூக்கை அடைக்கும். நேரம் போகப் போகத் தேசிப்புளி கைக்கும், அதனால் அன்றைக்கே முடிக்க வேண்டும். சாதாரணச் சீனி பாதி குளுக்கோசும் பாதி பிரக்டோசுமாக உடைவதால் குடலில் இரண்டு வாசலால் நுழைகிறது. குளுக்கோஸ் தூள் மட்டும் என்றால் ஒரு வாசல்தான், மணிக்கு 60 கிராமோடு அது நிரம்பிவிடும். மணிக்கு 600 மில்லிலீற்றர், அதாவது 36 கிராம் சீனி குடிக்கிறவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. பனங்கட்டியும் பெரும்பாலும் இதே சீனிதான், துணியால் வடித்தால் சரி.

இந்தக் கலவை வெல்வது விலையால் மட்டுமல்ல, உப்பை உங்கள் வியர்வைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால். வியர்வையின் சோடியம் ஆளுக்கு ஆள் லீற்றருக்கு 500 மில்லிகிராமிலிருந்து 1,800 வரை வேறுபடும். எந்தக் கம்பனியும் இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஒரு போத்தலைச் செய்ய முடியாது. கறுப்பு ரீசேட் காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழுகிறவர், வியர்வை கண்ணில் பட்டால் எரிகிறவர் அரைத் தேக்கரண்டி வரை கூட்டிப் பார்க்கலாம். இது துல்லியமான அளவீடல்ல, கைக்கணக்கு. அதற்கு மேல் போனால் வாய் மறுக்கும்.

இதில் பெரும்பாலான பிழைகள் கரண்டியில்தான் நடக்கின்றன. ஆனையிறவுக் கல்லுப்பை அதே கரண்டியால் அள்ளினால் கல்லுக்கிடையில் காற்று நிற்கும், நிறை குறையும். குவித்து அள்ளினால் ஒன்றரை மடங்காகும். 0.1 கிராம் காட்டும் சிறு தராசில் உங்கள் வீட்டுக் கரண்டியை ஒருமுறை நிறுத்துக் குறித்துவிட்டால் பிறகு கரண்டியே போதும். பூநகரிப் பக்கத்துக் கிணறுகள் போல உவர் ஏறிய தண்ணீரில் கலக்க வேண்டாம். அதில் ஏற்கெனவே எவ்வளவு உப்பு என்று தெரியாமல் மேலும் போடுவதில் கணக்கில்லை.

எவ்வளவு குடிப்பது என்பதையும் தராசுதான் சொல்லும். சிறுநீர் கழித்துவிட்டு, முடிந்தளவு குறைந்த உடுப்போடு உங்களை நிறுத்துப் பாருங்கள். போட்டி வேகத்தில் சரியாக 60 நிமிடம் ஓடுங்கள். போத்தலில் குறைந்ததை அளந்து வையுங்கள். உடலை நன்றாகத் துடைத்து, ஊறிய காற்சட்டையைக் கழற்றி மீண்டும் நிறுத்துப் பாருங்கள். 58.4 கிலோ 57.3 ஆகி, இடையில் 400 மில்லிலீற்றர் குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 1.5 லீற்றர். குளியலறைத் தராசை மண் தரையிலோ பாயிலோ வைத்தால் முள் பொய் சொல்லும். நெல் நிறுக்கிற டிஜிற்றல் தராசு கிட்டினால் அதுவே மேல்.

அந்த ஆள் இரண்டரை மணித்தியாலத்தில் 3.75 லீற்றர் இழப்பார். ஓடிக்கொண்டே மணிக்கு 800 மில்லிலீற்றருக்கு மேல் பெரும்பாலானோரின் வயிறு ஏற்காது. ஆக 1.75 கிலோ, உடல் நிறையில் 3 வீதம், எப்படியும் குறையும். 2 வீதத்தைத் தாண்டினால் வேகம் விழும் என்ற பழைய கோடு ஆய்வாளர்களிடையே இன்னும் வாக்குவாதத்தில் இருக்கிறது. தாகத்துக்குக் குடித்தால் போதும் என்ற கட்சியும் பலமானது. குறைவைச் சுருக்க நம்பகமான வழி போத்தலில் இல்லை, ஓட்டத்தை விடியப்புறம் நாலரை மணிக்கே தொடங்குவதில்தான் இருக்கிறது.

கூடக் குடிப்பது குறையக் குடிப்பதைவிட ஆபத்தாகலாம். 2002 பொஸ்ரன் மரதனில் பரிசோதித்த 488 பேரில் 13 வீதத்தினருக்கு இரத்தச் சோடியம் வழமைக்குக் கீழ் இருந்தது, மூவருக்கு உயிராபத்தான அளவில். ஓடி முடித்தபோது நிறை கூடியிருந்தவர்களும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தவர்களுமே அதில் அதிகம் மாட்டினார்கள். உப்புக் கலந்த பானமும் இதைத் தடுக்காது, ஏனெனில் எந்தப் பானமும் சோடியத்தில் இரத்தத்தைவிட ஐதானதே. ‘வெயில், வெயில்’ என்று ஒவ்வொரு மேசையிலும் கப்பை நீட்டுகிற ஆதரவாளர்கள் மெதுவாக ஓடுகிறவரை நிறுத்தி நிறுத்திக் குடிக்கவைப்பது நல்லெண்ணம்தான், ஆனாலும் வேண்டாம். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லிலீற்றர், நிறை கூடாத அளவுக்கு.

கெண்டைக்கால் பிடித்து இழுப்பதற்கு இந்த உப்பு மருந்தா என்றால், அதைத் தெளிவாக நிறுவிய ஆய்வு இல்லை. களைத்த தசையே காரணம் என்ற பக்கத்துக்குச் சான்று வலுவாக இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, தசையை நீட்டிப் பிடியுங்கள்.

ஓட்டம் முடிந்தபின் கணக்கு மாறும். 1996இல் ஷிறெவ்சும் மோனும் குழுவினரும் செய்த ஆய்வில், இழந்ததைப் போல இரண்டு மடங்கு குடித்தும், சோடியம் குறைந்த பானம் சில மணித்தியாலத்தில் சிறுநீராகப் போய்விட்டது. சோடியம் கூடிய பானத்தில் ஒன்றரை மடங்கே போதுமாயிற்று. சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிடப் போகிறவருக்கு அந்த உப்பு தட்டிலேயே வரும், தண்ணீர் மட்டும் குடித்தால் சரி.

கனடாவிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ வந்து இறங்கியவருக்கு இந்த எண்கள் உடனே பொருந்தாது. வெக்கைக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். அதற்குள் வியர்வை கூடும், அதிலுள்ள சோடியம் குறையும். வந்த மூன்றாம் நாள் எடுத்த நிறைக் கணக்கை இரண்டு கிழமை கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.