கூரை முதலில், கூட்டம் அப்புறம்: கான்கார்டுகள் போய்ச் சேர்ந்த வீடுகள்

2003 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் பிரான்ஸும் கான்கார்டுக்கு ஓய்வு கொடுக்கப்போவதாக ஒன்றாக அறிவித்தன. அப்போது பிரிட்டிஷ் நிறுவனத்திடம் 7, பிரெஞ்சு நிறுவனத்திடம் 5, ஆக 12 விமானங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 62 மீட்டர் நீளம், 25.6 மீட்டர் இறக்கை அகலம், 12 மீட்டர் உயரம். பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் கால் நூற்றாண்டுக்கும் மேல் பறந்த இவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒன்றையாவது தொடர்ந்து பறக்கவிடலாம் என்று வர்ஜின் விமான நிறுவனத்தின் ரிச்சர்ட் பிரான்சன் போன்றவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். விமானத்தை உருவாக்கியவர்களின் பொறுப்பு ஏர்பஸ்ஸிடம் வந்திருந்தது. பராமரிப்பு ஆதரவைத் தொடர அது தயாராக இல்லை. அந்த ஆதரவு இல்லாமல் பறக்க அனுமதி கிடைக்காது. ஆகவே மிச்சமிருந்த ஒரே வழி அருங்காட்சியகம்தான்.

ஒரு கான்கார்டுக்கு வீடு தேடும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அது பறந்தே போய் இறங்க அங்கே ஓடுபாதை உண்டா? தலைக்கு மேல் கூரை உண்டா? மக்கள் எளிதில் வந்து பார்க்க முடியுமா? 2003-இல் பேச்சு முழுக்க மூன்றாவது கேள்வியைச் சுற்றியே இருந்தது. இருபது ஆண்டுகள் ஓடிய பிறகு பார்த்தால் இரண்டாவதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கிறது. என் வரிசையில் கூரைதான் முதலில்.

காரணம் இந்த விமானத்தின் உடம்பிலேயே இருக்கிறது. கான்கார்டின் மேல்தோல் அலுமினியக் கலவை. மாக் 2, அதாவது ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில், மூக்கு நுனி 127 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். உடல் முழுவதும் சூட்டில் விரிந்து 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். உள்ளே தேங்கிய ஈரத்தை ஒவ்வொரு பயணத்திலும் அந்தச் சூடே உலர்த்திவிடும். பறப்பது நின்ற நாளிலிருந்து அந்த உலர்த்தலும் நின்றுபோனது. மழையில் நிறுத்திவைத்தால் ஈரம் மூட்டுகளுக்குள் இறங்கி அங்கேயே தங்கும், அரிப்பு தொடங்கும். ஒவ்வொரு கான்கார்டையும் அதன் பதிவுக்குறியின் கடைசி இரண்டு எழுத்துகளை வானொலியில் சொல்லும் விதத்தில் அழைப்பார்கள்: F, D என்றால் ஃபாக்ஸ் டெல்டா. ஏர் பிரான்ஸின் அந்த ஃபாக்ஸ் டெல்டா இதற்கு முன்னுதாரணம். 1982-க்குப் பிறகு அது பறக்கவில்லை. உதிரிபாகங்களைக் கழற்றிக்கொண்டார்கள், அரிப்பும் ஏறியது, கடைசியில் 1994-இல் உடைத்துப் போட்டார்கள். கட்டப்பட்ட 20 கான்கார்டுகளில் விபத்தில் போனது ஒன்று, இப்படிப் போனது ஒன்று.

ஒரே நாளில் கிளம்பிய இருவர்

1976 ஜனவரி 21 அன்று கான்கார்டின் பயணிகள் சேவை தொடங்கியது. பாரிஸிலிருந்து ஃபாக்ஸ் ஆல்ஃபா டாக்கர் வழியாக ரியோவுக்கும், லண்டனிலிருந்து ஆல்ஃபா ஆல்ஃபா பஹ்ரைனுக்கும் ஒரே நேரத்தில் கிளம்பின. இந்த இரண்டின் ஓய்வுக்காலத்தை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பாடம்.

ஃபாக்ஸ் ஆல்ஃபாவுக்கு வீடு எப்போதோ முடிவாகிவிட்டது. ஓய்வுபெறும்போது ஒரு கான்கார்டைத் தருவதாக ஏர் பிரான்ஸ் 1989-லேயே அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டிருந்தது. 2003 ஜூன் 12 அன்று அது வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் போய் இறங்கியது. புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஸ்மித்சோனியனின் உத்வார்-ஹாஸி மையம் அந்த நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஓடுபாதையிலிருந்து இழுத்துக்கொண்டுபோய்ப் பெரிய மண்டபத்துக்குள் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அமெரிக்காவுக்கான கான்கார்டு சேவை 1976 மே மாதம் தொடங்கியதும் இதே டல்லஸில்தான். ஓடுபாதை, கூரை, இடத்தோடு உறவு மூன்றும் கூடி வந்த இடம் இது. ஒரே ஒரு குறை: பார்வையாளர்கள் பொதுவாக உள்ளே ஏற முடியாது, வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஆல்ஃபா ஆல்ஃபாவின் கதை வேறு. 2000 ஜூலையில் பாரிஸ் அருகே நடந்த கான்கார்டு விபத்துக்குப் பிறகு, எரிபொருள் தொட்டிகளுக்குக் கெவ்லார் என்ற உறுதியான இழையால் உள்ளுறை, புதிய வகை டயர்கள் என்று மாற்றங்கள் செய்த விமானங்களுக்கு மட்டுமே மீண்டும் பறக்க அனுமதி கிடைத்தது. ஆல்ஃபா ஆல்ஃபாவுக்கு அந்த வேலை நடக்கவில்லை. ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ஃபார்ச்சூனில் உள்ள தேசிய விமான அருங்காட்சியகத்துக்கு அதைத் தருவது என்று முடிவானபோது, தரைவழியும் நீர்வழியும்தான் மிச்சம். கான்கார்டின் இறக்கையைப் போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துவிட முடியாது. இறக்கையும் உடலும் ஒன்றாகவே அமைந்த வடிவம். அதனால் வெட்டினார்கள். 2004 ஏப்ரலில் லாரியில் ஏற்றி, தேம்ஸ் நதியில் மிதவைப் படகில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைக் கடந்து, கடல்வழியாக ஸ்காட்லாந்தின் டார்னஸ் வரை போய், மீண்டும் சாலையில் இழுத்துப் போய்ச் சேர்த்தார்கள். அங்கே இறக்கைகளை மறுபடி பொருத்தி ஹேங்கருக்குள் (விமானக் கொட்டகைக்குள்) நிறுத்தினார்கள்.

இறக்கையை வெட்டியது சரியா என்று இன்னமும் வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் மனம் கலங்கும். ஆனாலும் அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். வெட்டிய தடம் ஒரு முறை ஏற்பட்டது, அதோடு நின்றுவிட்டது. மழையில் நிற்கும் விமானத்துக்குச் சேதம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கூடிக்கொண்டே போகும். இங்கே மக்கள் உள்ளே ஏறிப் பார்க்கவும் முடிகிறது.

நியூயார்க்கா, சியாட்டிலா

அமெரிக்காவுக்கு வந்த இரண்டு பிரிட்டிஷ் விமானங்களை ஒப்பிட்டால் என் வாதம் இன்னும் தெளிவாகும்.

ஆல்ஃபா டெல்டா சாதாரண விமானம் இல்லை. 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் பறந்தது அதுதான். கான்கார்டுகளிலேயே அதிக நேரம் பறந்ததும் அதுவே. லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் சேவை நடந்த காலத்தில் ஒரு பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், மறுபக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம் என்று பூசியிருந்ததும் இதற்குத்தான். இத்தனை பெருமை கொண்ட விமானத்தை நியூயார்க்கில் இன்ட்ரெபிட் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலை ஒட்டி, ஹட்சன் நதிக்கரையில், திறந்த வெளியில் நிறுத்தினார்கள்.

கூட்டம் என்று பார்த்தால் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மன்ஹாட்டனில் இருக்கிறது, நடந்தே போகலாம். ஆனால் ஆற்றங்கரையின் உப்புக்காற்று நேராக உடம்பில் அடிக்கிறது. கப்பலையும் துறையையும் புதுப்பித்த காலத்தில் இதை புரூக்ளினின் ஃபிளாய்ட் பென்னட் பழைய விமானத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். 2008-இல் அங்கே ஒரு லாரி மோதி மூக்கு நுனி உடைந்தது. பிறகு 2023 ஆகஸ்டில் மிதவையில் ஏற்றி புரூக்ளின் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோய், பழைய வண்ணத்தைச் சுரண்டியெடுத்து முழுக்கப் புதுப்பித்து, 2024 மார்ச்சில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் புதுப்பித்த விமானம் திரும்பி வந்து நிற்பது அதே ஆற்றங்கரையில், அதே காற்றில்தானே?

சியாட்டிலுக்குப் போன ஆல்ஃபா கோல்ஃப் 2003 நவம்பர் 5 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பியது. வடக்கு கனடாவின் ஆள் நடமாட்டமற்ற பகுதிக்கு மேல் மீயொலி வேகத்தில் பறக்கச் சிறப்பு அனுமதி பெற்று, 3 மணி 55 நிமிடம் 12 விநாடியில் போய்ச் சேர்ந்தது. அருங்காட்சியகம் போயிங் ஃபீல்டு ஓடுபாதையை ஒட்டியே இருப்பதால் மிதவையும் வேண்டாம், வெட்டலும் வேண்டாம். இங்கேயும் முதல் பல ஆண்டுகள் வானமே கூரையாகத்தான் நின்றது. 2016-இல் திறந்த பெரிய கூரைப் பந்தலுக்குக் கீழே வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பக்கங்கள் திறந்திருந்தாலும் நேரடி மழையும் வெயிலும் இல்லை. கான்கார்டுக்குப் போட்டியாக 2707 என்ற மீயொலி விமானத்தைத் திட்டமிட்டு 1971-இல் கைவிட்ட போயிங்கின் சொந்த ஊரில் கான்கார்டு நிற்பதும் பொருத்தமாகவே எனக்குப் படுகிறது. அமெரிக்கர்கள் கட்டாமல் விட்டது எப்படி இருந்திருக்கும் என்று அங்கே போகும் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் சியாட்டில் என்பேன்.

பிறந்த ஊர்

பிரிட்டனில் உருவான கான்கார்டுகள் எல்லாம் பிரிஸ்டல் அருகே ஃபில்டனில் ஒன்று சேர்க்கப்பட்டவை. 2003 நவம்பர் 26 அன்று ஆல்ஃபா ஃபாக்ஸ்ட்ராட் கிளிஃப்டன் தொங்கு பாலத்துக்கு மேலே தாழப் பறந்து ஃபில்டனில் இறங்கியது. எந்தக் கான்கார்டும் பறந்த கடைசி முறை அது. தன்னைக் கட்டிய ஊருக்கே வந்து சேர்ந்ததில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அப்புறம் என்ன நடந்தது? 13 ஆண்டுகள் வெட்டவெளியில் நின்றது. 2010-இல் பார்வையாளர்களையும் நிறுத்தினார்கள். 2012-இல் அந்த விமானத்தளமே மூடப்பட்டது. பிறந்த ஊர் என்ற பாசம் மட்டும் விமானத்தை மழையிலிருந்து காப்பாற்றாது. உள்ளூர் மக்களும் பழைய ஊழியர்களும் விடாமல் பாடுபட்டதால் 2017 பிப்ரவரியில் அதைப் பழைய ஓடுபாதையைக் கடந்து இழுத்துப் போய்ப் புதிய ஹேங்கருக்குள் வைத்தார்கள். அந்த ஹேங்கர் உள்ள ஏரோஸ்பேஸ் பிரிஸ்டல் அருங்காட்சியகம் அக்டோபரில் திறந்தது. இன்றைய நிலையில் என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். டல்லஸில் இருக்கும் அத்தனையும் இங்கே உண்டு, கூடவே உள்ளே ஏறிப் பார்க்கலாம், கட்டியவர்களின் ஊரும் இதுவே.

மான்செஸ்டர் விமான நிலையத்தில் இருக்கும் ஆல்ஃபா சார்லிக்கும் இதே அனுபவம், காத்திருப்பு மட்டும் குறைவு. 2003 அக்டோபரில் வந்தது, 2009-இல் தனி ஹேங்கர் கிடைத்தது.

பிரான்ஸின் துலூஸில் ஒரே அருங்காட்சியகத்துக்குள்ளேயே இந்த ஒப்பீட்டைப் பார்க்கலாம். ஏரோஸ்கோப்பியாவில் சோதனைகளுக்குப் பயன்பட்ட கான்கார்டு மண்டபத்துக்குள் இருக்கிறது. ஏர் பிரான்ஸில் பயணிகளை ஏற்றிய ஃபாக்ஸ் சார்லி வெளியே நிற்கிறது. பாரிஸ் அருகே லே பூர்ஜே அருங்காட்சியகம் அதைவிட ஒரு படி மேல். 1973 சூரிய கிரகணத்தை 74 நிமிடங்கள் துரத்திப் பறந்த முதல் முன்மாதிரியும், 1995-இல் 31 மணி 27 நிமிடத்தில் உலகைச் சுற்றிய சியர்ரா டெல்டாவும் அங்கே ஒரே கூரைக்குக் கீழ் அருகருகே நிற்கின்றன.

பாகங்களுக்காகப் பிரித்துவைத்திருந்த டெல்டா கோல்ஃப் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்குத் துண்டுகளாகத்தான் வந்தது. தன்னார்வலர்கள் அதை விமானமாக மீட்டு 2006-இல் திறந்தார்கள். மாக் 2 வேகத்தில் முதன்முதலாக 100 பேரை ஏற்றிச் சென்றது இது. அங்கேயும் கூரை இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

கம்பத்தின் மேல்

ஜெர்மனியின் சின்ஸ்ஹைம் தனி வகை. ரைன் நதி வழியாகவும் சாலை வழியாகவும் வந்த ஏர் பிரான்ஸ் கான்கார்டையும், ரஷ்யாவின் துப்பொலெவ் 144-ஐயும் கட்டடத்தின் உச்சியில் மூக்கு மேல்நோக்கி ஏற்றிவைத்திருக்கிறார்கள். உலகில் இரண்டு மீயொலிப் பயணி விமானங்களையும் சேர்த்துப் பார்க்க வேறு இடமில்லை. நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கும் தெரியும். படியேறிப் போனால் சரிந்த நடைபாதையில் உள்ளே நடக்கலாம். உற்சாகத்துக்கு முழு மதிப்பெண். பாதுகாப்பில் கடைசி வரிசை: வெயில், பனி, மழை எல்லாம் நேராக மேலே. பாரிஸ் சார்ல் தெ கோல் நிலையத்தில் தூண்கள் மேல் நிற்கும் ஃபாக்ஸ் ஃபாக்ஸ்ட்ராட்டுக்கு அந்த உற்சாகமும் இல்லை. உள்ளே யாரும் போக முடியாது, அடையாளச் சின்னம் மட்டுமே.

பார்படோஸை விட்டுவிட முடியாது. எலிசபெத் அரசி 1977-இல் முதன்முதலாகக் கான்கார்டில் ஏறியது அங்கிருந்துதான். அவரை ஏற்றிச்சென்ற ஆல்ஃபா எக்கோ அங்கேயே ஓய்வுக்குப் போனது. கடல்காற்று வீசும் தீவில் மூடிய கட்டடம் கட்டி உள்ளே வைத்தது அருமையான முடிவு. பிறகு அந்தக் காட்சிக்கூடம் பல காலம் பூட்டிக் கிடந்தது. கூரை இருந்து கதவு மூடியிருப்பதை நான் இன்ட்ரெபிடைவிட மேலாகத்தான் வைப்பேன்; பூட்டை என்றைக்கும் திறக்கலாம்.

இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஆல்ஃபா பிராவோ, ஆல்ஃபா ஆல்ஃபாவைப் போலவே மாற்றங்கள் செய்யப்படாததால் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தை விட்டுக் கிளம்பவேயில்லை. இப்போதும் அந்த நிலையத்தின் ஓரத்தில் வெட்டவெளியில் நிற்கிறது, பொதுமக்கள் அருகே போக வழியில்லை. ஓடுபாதையில் ஊர்ந்து போகும் விமானங்களின் ஜன்னல் வழியே பார்த்தால் உண்டு. வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் மறுபடி இறக்கையை வெட்ட வேண்டும். பிரிட்டிஷ் கான்கார்டுகளின் வீடு ஹீத்ரோதான், அங்கே தினமும் வந்துபோகும் பயணிகளின் எண்ணிக்கையும் வேறு எந்த அருங்காட்சியகத்துக்கும் வராது. ஆகவே அதை அசைக்காமல், நிற்கும் இடத்திலேயே ஒரு ஹேங்கரும், வெளியிலிருந்து வர ஒரு பாதையும் கட்டிக் கொடுக்க வேண்டும். மான்செஸ்டர் 2009-இல் செய்து காட்டியதுதான் இது.