மூன்று ஊர், ஒரு மீட்டிங்: பகிர்வுக் காலண்டரோடு சில வருடங்கள்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "டீம் மூணு நாட்டுல இருக்கு. மீட்டிங்குக்கு நேரம் பிடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆகுது. நீங்க வச்சிருக்கிற காலண்டர் எப்படி, வாங்கலாமா?" பல வருடமாகத் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனாலும் சட்டென்று ஆமாம் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

அழைப்பு அனுப்புவது, நினைவூட்டுவது, வீடியோ இணைப்பைச் சேர்ப்பது எல்லாம் எந்தக் காலண்டரிலும் உண்டு, அதை விடுங்கள். எங்கள் டீம் ஆட்கள் நியூயார்க், லண்டன், சிங்கப்பூர் என்று மூன்று ஊர்களில் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, திரையின் இடது ஓரத்தில் வரும் நேரப் பட்டைகள். மூன்று ஊர் நேரமும் அருகருகே இறங்கும். மீட்டிங் கட்டத்தைப் பிடித்து மேலும் கீழும் நகர்த்தினால், நியூயார்க்கில் காலை 9 என்றால் சிங்கப்பூரில் இரவு எத்தனை மணி என்று அங்கேயே தெரிந்துவிடும். விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. காத்மாண்டுவிலிருந்து ஒருவர் கொஞ்ச காலம் எங்களோடு வேலை செய்தார். அங்கே கடிகாரம் யுடிசியைவிட, அதாவது உலகப் பொது நேரத்தைவிட, 5 மணி 45 நிமிடம் முன்னால் ஓடுகிறது. அந்த முக்கால் மணிக் கணக்கில் செயலி ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. இந்த ஒரு வசதிக்காகவே இதை யாரிடமும் புகழ்ந்து பேசுவேன்.

அப்புறம் மார்ச் வரும்.

கோடைகால நேரம் என்று அமெரிக்கா 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் மார்ச் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கின்றன. நடுவில் இரண்டு வாரமோ மூன்று வாரமோ, நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வழக்கமான 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகிவிடும். சிங்கப்பூர் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. எங்கள் வாராந்திர மீட்டிங் நியூயார்க் நேரம் காலை 9 மணிக்கு. லண்டன்காரர்களுக்கு அது எப்போதும் மதியம் 2 மணி. இந்த வாரங்களில் மட்டும் 1 மணி. சிங்கப்பூரில் குளிர்காலம் முழுக்க இரவு 10 மணி, மார்ச்சிலிருந்து 9 மணி. கடிகாரத்தைப் பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் திரும்பப் பின்னால் இழுப்பதால், நடுவில் லண்டனுக்கு மறுபடியும் ஒரு வாரம் இதே கதை.

கட்டம் நகர்வதில் எனக்குக் குறை இல்லை, அது நகர்ந்துதான் ஆக வேண்டும். சத்தமே இல்லாமல் நகர்கிறதே, அதுதான் எரிச்சல். லண்டனில் 1 மணிக்கு ஏற்கெனவே வேறொரு மீட்டிங் இருந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒரு மின்னஞ்சல் வராது, ஒரு அறிவிப்பு வராது. இரண்டு பேர் உள்ளே காத்திருக்க, மூன்றாமவர் ஒரு மணி நேரம் கழித்து வந்து காலி அறையைப் பார்க்கிறார். ஒவ்வொரு மார்ச்சிலும் இது நடக்கிறது.

வாராவாரம் வரும் மீட்டிங் தொடர் எந்த ஊர் நேரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதும் அழைக்கப்பட்டவர்களுக்குத் தெரிவதில்லை. அமைப்பாளர் படிவத்தைத் திறந்தால், மணிக்கான பெட்டிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் 'நேர மண்டலம்' என்று இருக்கும். தொடாவிட்டால் அமைப்பாளரின் ஊரே தானாக உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தொடரைப் போட்டவர் வேறு டீமுக்குப் போனார். புதிதாகப் பொறுப்பெடுத்த லண்டன் நண்பர் அதே மீட்டிங்கை மறுபடி போட்டார். மார்ச் வரை எல்லாம் ஒழுங்கு. அதன்பின் லண்டன் 2 மணி அசையாமல் நிற்க, நியூயார்க்கில் மீட்டிங் 10 மணிக்கு ஓடிவிட்டது. யார் மேலும் தப்பில்லை. செயலி ஒரு வரி கேட்டிருந்தால் போதும்.

நியாயமாகச் சொன்னால், எல்லாப் பழியையும் செயலி மேல் போட முடியாது. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022 அக்டோபரில் கோடைகால நேரத்தையே கைவிட்டது. லெபனானில் 2023 மார்ச்சில் கடிகார மாற்றத்தைத் தள்ளிவைப்பதாக அரசு கடைசி நேரத்தில் அறிவிக்க, சிலர் ஏற்க, சிலர் மறுக்க, ஒரே நாட்டில் சில நாள் இரண்டு நேரம் ஓடியது. இப்படிப்பட்ட மாற்றங்களையெல்லாம் தொகுத்து வைக்கும், ஐயானா (IANA) என்ற அமைப்பின் நேர மண்டலத் தரவுத்தளம் இல்லாவிட்டால் உலகில் பாதிக் கணினிகள் திணறியிருக்கும். அதைப் பராமரிப்பவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் திடீரென்று வந்தவை அல்ல. அடுத்த வருடம் எந்த ஞாயிறு மாறும் என்பது செயலிக்கு இப்போதே தெரியும். தெரிந்தும் "வரும் வாரம் உங்களுக்கு இந்த மீட்டிங் ஒரு மணி நேரம் முன்னால் வருகிறது" என்று சொல்லாமல் இருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்று. 'எல்லோருக்கும் ஏற்ற நேரம் தேடு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இரவு 10 மணிக்கு யாருக்கும் வேறு வேலை பதிவாகியிருக்காது, அதனால் அதைப் பச்சை காட்டும். வேலை நேரத்தை ஒவ்வொருவரும் அமைப்பில் போய்ப் பதிந்தால்தான் இது சரியாகும். எங்கள் டீமில் பதிந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. சிங்கப்பூர் தோழி வாராவாரம் இரவில் உட்காருவது சரியில்லை என்று, ஒரு வாரம் அவருக்குச் சிரமம், மறுவாரம் நியூயார்க்குக்குச் சிரமம் என்று முறை வைத்தோம். செயலியில் அதற்கு வழியே கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் தொடர்கள் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டுகிறோம். ஒன்றில் ஆள் சேர்த்தால் மற்றதிலும் கையால் சேர்க்க வேண்டும்.

நேரப் பட்டைகளைப் போல ஒன்றை வேறெங்கும் பார்த்ததில்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இந்த மார்ச்சின் எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன். அலுவலகம் ஏற்கெனவே வாங்கிவிட்டது என்றால், தொடர் போடும்போதே அந்தச் சாம்பல் எழுத்தைத் தொட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள், அந்த ஊர்ப் பெயரை மீட்டிங் தலைப்பிலேயே எழுதுங்கள். மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் நடுவிலும் நீங்களே எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், செயலி அனுப்பாது.