சின்ன லேப்புக்கு எந்த பிசிஆர்: 96 குழியா, சிப்பா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் சின்ன லேப் நடத்துகிறேன். போன வருஷம் வைரஸ் பரிசோதனைக்கு மெஷின் வாங்க நினைத்தபோது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று 96 குழி உள்ள தட்டில் பல மாதிரிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் ரியல் டைம் பிசிஆர், இன்னொன்று மாதிரிக்கு ஒரு சின்ன சிப் போட்டு ஓட்டும் ட்ரூநேட் என்ற பிசிஆர் மெஷின். நான் ட்ரூநேட் எடுத்தேன்.

அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றுதான். டெங்கு, கொரோனா போன்ற வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். 40 சுற்றில், கணக்குப்படி, ஒன்று ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும். மாதிரிகள் குவிந்தால் 96 குழிக்கு ஈடில்லை. தலைக்குச் செலவும் குறையும். கொரோனா நாட்களில் அதுதான் தாங்கியது.

ஆனால் நான் முடிவெடுத்தது ஃப்ரீசரை நினைத்துத்தான். 96 குழிக்கான கிட்டுகள் (சோதனைக்கான மருந்துக் குழாய்கள் அடங்கிய பெட்டிகள்) பெரும்பாலும் மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டும். முன்பு வேலை பார்த்த லேப்பில் ஒரு மே மாத ராத்திரி கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் ஓய்ந்துவிட்டது. காலையில் திறந்தால் குழாய்கள் கல்லாக உறைந்தேதான் இருந்தன. ஆனால் அட்டைப் பெட்டி ஊறி, மேலே பேனாவில் எழுதிய தேதி கலங்கிக் கிடந்தது. நடுவில் உருகி, கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, வைரஸ் கூறு இருப்பது உறுதியாகத் தெரிந்த கன்ட்ரோலை மட்டும் ஓட்டினோம். வைரஸ் இருப்பதைக் காட்டி திரையில் 26வது சுற்றில் எழ வேண்டிய கோடு 31ல் எழுந்தது. ஐந்து சுற்று என்றால் 32 மடங்கு வித்தியாசம்! வைரஸ் கொஞ்சமாக உள்ள நோயாளிக்கு அன்று 'நெகட்டிவ்' என்று தாள் கொடுத்திருப்போம். மொத்த கிட்டையும் தூக்கிப் போட்டோம்.

ட்ரூநேட்டில் சோதனை மருந்து உலர்ந்த நிலையில் வருகிறது. 2 முதல் 30 டிகிரி வரை தாங்கும். சேலத்து வெயிலுக்கு அதுவும் போதாது, ஏசி ரூமோ சாதாரண ஃப்ரிட்ஜோ வேண்டும். கரண்ட் போனாலும் மெஷின் பேட்டரியில் ஓடும். ஏற்காட்டில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் கேட்டபோதும் இதையே சொன்னேன். அங்கே குளிர் இயற்கையாகவே இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கி ஐஸ் பெட்டியில் மாதிரி அனுப்பும் பாடும் மிச்சம்.

கைப்பக்குவம் இதிலும் வேண்டும். சிப்பில் 6 மைக்ரோலிட்டர் விடும்போது காற்றுக் குமிழி சேர்ந்தால் சோதனை வீணாகலாம். ஹெபடைடிஸ் சி வைரஸ் அளவை இதில் நான் பார்த்தது விரல்விட்டு எண்ணும் மாதிரிகள்தான். அதற்கு என் பேச்சை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரம் சொச்சம் ஆகிறது. டெங்கு சீசனில் ஒரே நாளில் முப்பது வந்து நின்றால், அன்றைக்கு 96 குழி உள்ள பெரிய லேப்புக்கு அனுப்பிவிடுகிறேன்.