பொம்மைப் படம்தானே? மூன்று அமெரிக்க காமெடிகளும் என் பத்தாவது படிக்கும் பையனும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு கிச்சன். டி.வி. இருப்பது ஹாலில், மாமியார் கட்டில் ஹாலில், பையன் பத்தாவது பரீட்சைக்குப் படிப்பதும் அதே ஹாலில். ஒருநாள் ராத்திரி அவன் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால், கலர் பேப்பரை வெட்டி ஒட்டினது மாதிரி நாலு பையன்கள். 'சவுத் பார்க்'. பேர் கேள்விப்பட்டிருந்தேன், போனைப் பிடுங்கிவிட்டேன். சத்தத்தில் மாமியார் எழுந்துகொண்டார். "இன்னாம்மா, பொம்மப் படந்தான பாத்துக்கினு இருக்கான், வுடேன்."

பையன் வேறு மாதிரி மடக்கினான். "நீ பாத்தியாம்மா? பாக்காமலே வேணாம்னா எப்படி?"

நியாயம்தான். அவனும் கூட்டாளிகளும் மாற்றி மாற்றிப் பேசுவது மூன்று அமெரிக்க கார்ட்டூன் தொடர்களைப் பற்றி: 'தி சிம்ப்சன்ஸ்', 'ஃபேமிலி கை', 'சவுத் பார்க்'. இரண்டு வாரம், எல்லாரும் படுத்த பிறகு, சப்டைட்டிலோடு மூன்றையும் பார்த்தேன். பையனுக்கு வயது 15, சின்னவளுக்கு 13. இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் வயது முத்திரை. அமெரிக்காவில் டி.வி. நிகழ்ச்சிக்கு வயது முத்திரை குத்தும் வழக்கம் 1997-இல் வந்தது. சிம்ப்சன்ஸுக்குப் பெரும்பாலும் பி.ஜி. (பெற்றோர் பார்த்து முடிவு பண்ணணும்) அல்லது 14 (அந்த வயதுக்குக் கீழே என்றால் ஜாக்கிரதை). ஃபேமிலி கை பெரும்பாலும் 14. சவுத் பார்க் எம்.ஏ., அதாவது 17 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆகாது. இதைப் பார்த்தால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் முத்திரை குத்துவது அரசாங்கமில்லை, ஒளிபரப்புகிற சேனலே. நம்ம ஊரிலும் இணையத்தில் படம் காட்டும் ஓ.டி.டி. தளங்களுக்கு 2021-இல் விதி வந்து 7+, 13+, 16+, ஏ என்று பிரித்தார்கள். அதையும் அந்தந்தத் தளமே போட்டுக்கொள்கிறது. மீன் விற்கிறவரே மீன் ஃப்ரெஷ் என்று சொல்கிற மாதிரி. காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யார் வாங்குகிறோம்?

கெட்ட வார்த்தையை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. தண்ணி லாரி லேட்டாக வருகிற அன்று எங்கள் தெருவில் அரை மணி நேரம் நின்றால் போதும், மூன்று தொடரும் பிச்சை வாங்கணும். நான் பார்த்தது ஒன்றைத்தான்: சிரிப்பு யார் தலையில் விழுகிறது?

சிம்ப்சன்ஸை அதிகம் நீட்டத் தேவையில்லை. 1989 டிசம்பரில் தொடங்கியது. 1990-இல் அந்த வாலு பையன் பார்ட் படம் போட்ட டி-ஷர்ட்டைச் சில அமெரிக்கப் பள்ளிகள் தடை செய்தன. 1992-இல் ஜனாதிபதி புஷ்ஷே மேடையில் இந்தக் குடும்பம் மாதிரி இருக்காதீர்கள் என்கிற அர்த்தத்தில் பேசினார். இன்றைக்குப் பார்த்தால் இதற்கா இவ்வளவு என்று இருக்கிறது. அப்பன் கோபம் வந்தால் மகன் கழுத்தை நெரிக்கிறான், அது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி சோம்பேறி அப்பன், குடி, கடன், பள்ளிக்கூடம். நம்ம வீட்டுக் கதைதான்.

ஆனால் அதில் அப்பு என்று ஒரு இந்தியக் கடைக்காரர் வருகிறார். அவருக்கு வருஷக்கணக்காகக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அஸாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். நம்ம ஆட்கள் பேசும் இங்கிலீஷைக் கிண்டல் செய்கிற குரல் என்று எதிர்ப்பு கிளம்பி, இனி அந்தக் குரலைக் கொடுக்கமாட்டேன் என்று 2020-இல் அவரே சொல்லிவிட்டார். என் பையன் அந்த இங்கிலீஷைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "சினிமால நம்ம 'இன்னா'வ யார் வாய்ல வைக்கிறான்?" என்று கேட்டேன். "ரௌடி வாய்ல" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிப்பில்லை. இந்தப் பேச்சு நடந்ததற்காகவே சிம்ப்சன்ஸுக்கு என் ஓட்டு. 13 வயதுக்காரிக்கும் சரி.

ஃபேமிலி கை 1999-இல் வந்தது. முத்திரைப்படி சவுத் பார்க்கை விட இது சாது. எனக்கு அப்படிப் படவில்லை. அந்த வீட்டுப் பெண் மெக், டீன்ஏஜ் பெண். அவள் வாயைத் திறந்தாலே குடும்பமே 'வாயை மூடு' என்கிறது. அவள் அழகில்லை என்பதே ஜோக். அதுவும் வாரா வாரம். பக்கத்து வீட்டு குவாக்மயர் பெண்களை ஏமாற்றித் தொடுவது, ஒளிந்து பார்ப்பது, அதுவும் ஜோக். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே 'அன்னைக்கு ஒரு தடவை இப்படித்தான்' என்று சம்பந்தமில்லாத ஒரு துண்டு காட்சிக்குத் தாவுவார்கள். அடி வாங்கினவளுக்கு வலித்ததா என்று யோசிக்கிறதுக்குள் அடுத்த ஜோக் வந்துவிடும். சிரிக்க வைக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நானே இரண்டு இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் முகத்தில் பரு வந்ததற்கே கண்ணாடி முன்னால் அழுகிற 13 வயதுப் பெண் இருக்கிற ஹாலில் மெக்கை ஓட்டுவதை எப்படிப் பார்க்க விடுவது?

இதை எழுதும்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்போடு குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிறோமே, நம்ம தமிழ் காமெடி ஷோக்கள், அதில் என்ன நடக்கிறது? குண்டாக இருந்தால் ஜோக், கறுப்பாக இருந்தால் ஜோக், ஆம்பிளை புடவை கட்டினால் ஜோக், நடுநடுவே இரட்டை அர்த்தம். அதற்கு எந்த பின் நம்பரும் பூட்டும் கிடையாது. மாமியார் உட்பட எல்லாரும் பார்க்கிறோம். ஃபேமிலி கையோடு பக்கத்தில் வைத்தால், வித்தியாசம் மொழியில்தான்.

சவுத் பார்க் 1997 ஆகஸ்டில் வந்தது. ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னால் ஒரு அறிவிப்பு போடுகிறார்கள்: இதை யாருமே பார்க்கக்கூடாது என்று. அதுவே கிண்டல்தான் என்றாலும், ஒரு தாயாக நான் அதை நம்பத் தயார். மலம், மூத்திரம், உடலுறவு, ரத்தம், எல்லாம் பச்சையாக. ஆனால் திட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிய இடத்து ஆட்கள்: நடிகர்கள், அரசியல்வாதிகள், கம்பெனிகள். 2019-இல் சீனாவின் தணிக்கையைக் கிண்டல் செய்ய, அங்கே தொடரையே இணையத்திலிருந்து துடைத்தெடுத்தார்கள். கார்ட்மன் என்ற பையன் இனவெறி பிடித்தவன், சுயநலக்காரன். முழு எபிசோடு பார்த்தால் அவன் அசிங்கம்தான் என்று தெரிகிறது. மற்ற பையன்களில் ஒருத்தன் கடைசியில் எதிர்த்தும் பேசுவான்.

சிக்கல் என்னவென்றால், என் பையன் முழு எபிசோடு பார்க்கவே இல்லை. அவன் பார்த்ததெல்லாம் போனில் வரும் அரை நிமிஷத் துண்டுகள். துண்டில் கார்ட்மன் மட்டும்தான் இருக்கிறான், எதிர்த்துப் பேசுகிறவன் வெட்டப்பட்டுவிட்டான். அந்தத் துண்டுக்கு வயது முத்திரையும் இல்லை. ஆக அவன் ஹாலில் முழுசாகப் பார்ப்பதை விட, மூலையில் துண்டு துண்டாகப் பார்ப்பதுதான் மோசம்.

இன்னொன்று, சாமி விஷயம். சவுத் பார்க் எந்த மதத்தையும் விட்டுவைப்பதில்லை. எங்கள் பக்கம் ஒரே தெருவில் அம்மன் கோயில், மாதா கோயில், மசூதி மூன்றும் இருக்கும். ஆடிக் கூழ் எல்லா வீட்டுக்கும் போகும். டி.வி.யில் சிரித்ததைப் பையன் கேரம் போர்டு பக்கத்தில் நின்று எடுத்துவிட்டால், தொடர் எழுதினவர் அமெரிக்காவில் இருப்பார், பதில் சொல்ல வேண்டியது நாங்கள்.

ஆக என் வரிசை: சிம்ப்சன்ஸ் இருவருக்கும் இப்போதே. சவுத் பார்க் பையனுக்கு 16 முடிந்ததும், ஹால் டி.வி.யில், நான் முதலில் பார்த்து வைத்த எபிசோடுகள் மட்டும். ஃபேமிலி கை கடைசி, சின்னவள் இருக்கும்போது கிடையவே கிடையாது. ஹார்பர் ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரருக்கு இதில் உடன்பாடில்லை. "மூணுமே வேணாம், பரீட்சை இருக்குதில்ல" என்கிறார். ஓ.டி.டி. பின் நம்பரை மாற்றினேன். பழையது என் பிறந்த வருஷம், அதை அவன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டிருந்தான்.

அவன் பிறந்த நாள் ஆவணியில் வருகிறது. காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். பேரன் புதுத் துணி கேட்கிறான் போல என்று நினைத்து, எம்.சி. ரோட்டுக்கு எப்போ போகலாம் என்று மாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.