வரன் தேடும் தளத்தில் மூன்று மாதச் சந்தா

அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் கட்டினேன். ராசி, நட்சத்திரம், உட்பிரிவு, செவ்வாய் தோஷம், நிறம் வரை கேட்கிற படிவத்தில், வீட்டு வேலையை யார் செய்வது என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. "சமையல் பிடிக்கும்" என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு அவர்கள் ஆபீசிலிருந்து போன் பண்ணிய அக்கா, "அதை எடுத்துடுங்க சார், பொண்ணு வீட்ல ஒரு மாதிரி நினைப்பாங்க" என்றார். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றினாலே கல்யாணம் செல்லும் என்று 1967லேயே சட்டம் கொண்டுவந்த மாநிலம்!

சரி, தேடும் வசதி பரவாயில்லை, போட்டோவைப் பூட்டி வைக்கலாம். நேரில் சந்தித்த ஒரே பெண், "என் ப்ரொஃபைல்ல பாதி எங்க அப்பா எழுதினது" என்று சிரித்தார். அவருடன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இரண்டரை ஸ்டார்.